நூற்றுப் பதினேழாம் கல்

மேலூர் யார்டில்
பெர்த்தலோ கல் பார்க்கும் விதம் இது:
ஒரு வாளித் தண்ணீரை விசிறி அடிப்பார்,
காயும்வரை நிற்பார்.
விரிசல் இருந்தால்
சுற்றிலும் உலர்ந்த பிறகும்
அங்கே மட்டும் மயிரிழை ஈரம் நிற்கும்.
சாக்பீஸில் ஒரு பெருக்கல் குறி.
நான் நோட்டில் எழுதுவேன்: கழிவு.

தேறிய கல் தூத்துக்குடி போய்க் கப்பலேறும்.
அவர் ஊரில் கல்லறைக்கு வைப்பார்கள்.
யார் பெயரைச் சுமக்கப் போகிறதென்று
இன்வாய்ஸில் வராது.

இந்த முறை கிளம்பும்போது
ஒரு பாட்டில் கொடுத்தார். மஸ்கடே.
வெள்ளை ஒயின்.
"எங்கள் ஊரிலும் அடியில் கிரானைட்தான்.
அதன்மேல் கொடி வைத்திருக்கிறோம்."
சொல்லிவிட்டு
நூற்றுப் பதினேழை மறுபடி பார்க்கப் போனார்.
குளிரக் குளிரக் குடிக்க வேண்டுமாம்.
பச்சைச் சிப்பி வேண்டுமாம்,
ஓட்டோடு, கடல் தண்ணியோடு.

ஒத்தக்கடையில் சிப்பிக்கு எங்கே போக?
ஜெசிந்தா மண்டபத்துக்காரி,
பெரியாஸ்பத்திரியில் இரவு நர்ஸ்,
வாடகையில் பாதி.
"சிப்பியை நாங்க சுண்ணாம்புக்குச் சுடுவோம்" என்றாள்.

மூன்று வாரம் அது
மாவுத் தூக்குக்குப் பின்னால் படுத்திருந்தது.
ஹவுஸ் ஓனரம்மா ஐஸ் கேட்டு வந்தால்
ஓடிப்போய் நானே எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு ஞாயிறு, மொட்டைமாடி.
திருகாணியும் கொறடும் கொண்டு இழுத்ததில்
கார்க்கில் பாதி கையோடு வந்தது,
பாதி உள்ளே மிதந்தது.
டீ வடிகட்டியில் வடித்து
எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினோம்.

ட்ரை என்று சொல்லியிருந்தார்.
தளும்புகிற ஒன்றை எப்படி வறண்டது என்பது?
"வைகையை நாம ஆறுன்னு சொல்றதில்லையா" என்றாள் அவள்.

இனிப்பைத் தேடிப் போன நாக்கு
பூட்டிய வீட்டிலிருந்து திரும்புவதுபோல் திரும்பியது.
பிறகு அரைநெல்லி. எலுமிச்சைத் தோல்.
அதற்கும் பிறகு
யார்டில் வயர்சா ஓடும்போது
தெறிக்கிற தண்ணி உதட்டில் படுமே,
அது.
ஏழு வருஷமாய்த் துடைத்துவிட்டுக்கொண்டிருந்த ருசி.

அயிரைக் குழம்பு வாங்கி வைத்திருந்தோம்.
புளி எழுந்து நின்றதும்
ஒயின் தண்ணீராகிவிட்டது.
கறிதோசைக்குத் தகரம்.
கோலா உருண்டை பரவாயில்லை,
கிராம்புதான் கொஞ்சம் வாயாடியது.

ஜெசிந்தா எழுந்து கீழே போனாள்.
கரிமேட்டு நெத்திலி, உப்பு மட்டும்.
மிளகாய்த்தூள் டப்பாவை நீட்டிய என் கையைத்
தட்டிவிட்டாள்.
முறுக முறுகப் பொரித்துத் தட்டோடு வந்தாள்.
முள்ளோடு, தலையோடு,
பேச்சில்லாமல் தின்றோம்.
அதைவிடவும் பொருந்தியது
மாட்டுத்தாவணியில் பஸ் ஜன்னல் வழியே வாங்கிய
வெள்ளரிப்பிஞ்சு. அதற்கும் உப்பு மட்டும்.

"அந்த நூத்திப் பதினேழு?"
தேறிவிட்டது என்றேன்.
"நான் கால் கட்டைவிரல்ல பேர் கட்டி அனுப்புறேன்,
நீ கல்லனுப்புற.
ரெண்டுக்கும் நடுவுல
யாராவது இத ஒரு தடவையாவது
குடிச்சிருப்பாங்க, இல்ல?"

எதிரே யானைமலை
வெயில் இறங்கியும் சூடு இறங்காமல் கிடந்தது.
அதற்கு மட்டும்
நான் எண் போட்டதில்லை.

கடைசி மடக்கை யார் குடிப்பதென்ற தள்ளுமுள்ளில்
டம்ளர் கவிழ்ந்தது.
சிமெண்ட் தரையில் ஓடிப் பரவியதைப்
பழக்க தோஷத்தில் நின்று பார்த்தேன்.
அவளும் குனிந்தாள்.
எல்லாம் காய்ந்தது.
தண்ணித்தொட்டியிலிருந்து படிக்கட்டுவரை
ஒரே ஒரு கோடு
காயாமல் நின்றது.

போன ஐப்பசியில்
என் கட்டிலுக்கு மேலே ஒழுகியது
இதுதான்.

"ஓனரம்மாகிட்ட சொல்லணும்" என்றேன்.
"எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு கேப்பாங்க"
என்றாள் ஜெசிந்தா.